விந்தணு எண்ணிக்கை குறைவு: கணவன், மனைவி, குடும்பத்தார் அறிய வேண்டியவை

திருமணமாகி ஓராண்டு ஆகிவிட்டால் போதும், "இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்ற கேள்வி பெண்ணைத் தேடி வந்துவிடும். பெரியநாயக்கன்பாளையம் ஆனாலும் மேட்டுப்பாளையம் ஆனாலும் கோவை உக்கடம் ஆனாலும் நம் குடும்பங்களில் நடப்பது ஒன்றுதான். மாமியார் மருமகளை டாக்டரிடம் அழைத்துப் போகிறார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய்ப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாக நடக்கின்றன. எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான், "மாப்பிள்ளையையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே" என்ற பேச்சு எழுகிறது. அதற்குள் இரண்டு மூன்று வருடங்கள் ஓடியிருக்கும்.

குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் தரப்பிலும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது. அவற்றில் மிகுதியாகக் காணப்படுவது விந்தணுக்களின் எண்ணிக்கை குறைவது. உலகில் வயது வந்தோரில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மைப் பிரச்சினையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெரிவித்தது. ஆகவே இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. வெட்கப்பட வேண்டிய குறையும் அல்ல.

அதிலும் ஆணுக்கான முதல் பரிசோதனைதான் எளிது. ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. அதைக் கடைசிக்குத் தள்ளுவதால்தான் பல பெண்கள் தேவையில்லாத சிகிச்சைகளையும் சொற்களையும் தாங்க நேரிடுகிறது.

ஒரு வருடம் என்பது எந்தக் கணக்கு?

கருத்தடை ஏதுமின்றி 12 மாதங்கள் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான விதி. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

இங்கே நம் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கு உண்டு. கணவர் துபாயிலோ ரியாத்திலோ வேலை பார்க்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 45 நாள் விடுப்பில் வருகிறார் என்றால், திருமணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தாலும் இருவரும் சேர்ந்து வாழ்ந்தது மூன்று நான்கு மாதம்தான். மாதத்தில் கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் ஏறத்தாழ ஆறுதான். கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். அந்த நாட்கள் விடுப்பில் எத்தனை முறை அமைந்தன என்று எண்ணிப் பார்த்தால், "நான்கு வருடமாகக் குழந்தை இல்லை" என்ற பேச்சுக்கே பொருள் இல்லாமல் போகும். இப்படிப்பட்டவர்கள் விடுப்பில் வந்த முதல் வாரத்திலேயே விந்துப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. ரிப்போர்ட்டில் குறை இருந்தால் மறு பரிசோதனைக்கும் மருத்துவரைப் பார்ப்பதற்கும் நாள் இருக்கும்.

ஆண்மைக் குறைவு வேறு, அணுக் குறைவு வேறு

பரிசோதனைக்கு ஆண்கள் தயங்குவதற்குப் பெரிய காரணம் இந்தக் குழப்பம்தான். தாம்பத்திய உறவில் எந்தக் குறையும் இல்லாத, உடல் வலுவான ஆணுக்கும் அணு எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். விந்து பார்வைக்குக் கெட்டியாக இருக்கிறதா, நீர்த்திருக்கிறதா என்பதை வைத்தும் எதையும் சொல்ல முடியாது. வெளிவரும் திரவத்தில் அணுக்களின் பங்கு மிகச் சிறியது. மீதி எல்லாம் விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.

பரிசோதனைக்குச் சாம்பிள் கொடுக்கும் முறை

1. கடைசி உறவுக்குப் பிறகு குறைந்தது 2 நாள், அதிகம் போனால் 7 நாள் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு வாரம் ஒதுங்கியிருந்தால் எண்ணிக்கை கூடும் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். எண்ணிக்கை கூடினாலும் அணுக்களின் ஓட்டம் குறைந்துவிடும்.

2. லேபில் தரும் சுத்தமான டப்பாவில் மட்டுமே எடுக்க வேண்டும். முதலில் வெளிவரும் துளிகளில்தான் அணுக்கள் மிகுதி. அது சிந்திவிட்டால் ரிப்போர்ட் தவறாகிவிடும். சிந்தியிருந்தால் லேபில் சொல்லிவிடுங்கள்.

3. சுய இன்பம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதால் பலர் இந்தக் கட்டத்தில் பரிசோதனையையே விட்டுவிடுகிறார்கள். மனைவியின் துணையோடு வீட்டிலேயே எடுப்பது தடையற்ற வழி. அதற்கு வழி இல்லாத நிலையில், மருத்துவத் தேவைக்காகச் செய்வதை அனுமதித்த அறிஞர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

4. சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது. அதில் உள்ள பூச்சு அணுக்களைப் பாதிக்கும். இதற்கென்றே தயாரிக்கப்பட்ட உறை சில மையங்களில் கிடைக்கும். கேட்டு வாங்கலாம்.

5. வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். டப்பாவைச் சட்டைக்குள் உடலோடு ஒட்டி, உடல் சூட்டிலேயே கொண்டு போக வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, வெயிலிலும் வைக்கக் கூடாது. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து துடியலூர், கவுண்டம்பாளையம் தாண்டிக் கோவை நகருக்குள் போவதற்கே காலை நெரிசலில் அந்த ஒரு மணி நேரம் கரைந்துவிடலாம். பக்கத்தில் தரமான லேபைத் தேர்ந்தெடுங்கள், அல்லது மையத்திலேயே உள்ள தனி அறையைப் பயன்படுத்துங்கள்.

6. நோன்பு வைத்த நிலையில் சாம்பிள் கொடுத்தால் நோன்பு முறிந்துவிடும். ஆகவே ரமளானுக்கு முன்போ பின்போ தேதி வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. ஒரே ஆணுக்கு மாதத்துக்கு மாதம் எண்ணிக்கை மாறும். குறைவாக வந்தால் சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். கடுமையான காய்ச்சல் வந்து போயிருந்தால் அடுத்த இரண்டு மூன்று மாதம் எண்ணிக்கை குறைந்தே காணப்படும். டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

உலக சுகாதார நிறுவனம் விந்துப் பரிசோதனைக்கான வழிகாட்டி நூலை 1980-ல் முதன்முதலில் வெளியிட்டது. 2021-ல் வந்த ஆறாம் பதிப்பின்படி கீழ் எல்லைகள் இவை:

• விந்தின் அளவு: 1.4 மி.லி.
• ஒரு மி.லி.யில் அணுக்கள்: 160 லட்சம் (லேப் ரிப்போர்ட்டில் 16 மில்லியன் என்று இருக்கும், ஒரு மில்லியன் என்பது 10 லட்சம்)
• மொத்த அணுக்கள்: 390 லட்சம்
• அசையும் அணுக்கள்: 42 சதவீதம்
• முன்னோக்கி நீந்தும் அணுக்கள்: 30 சதவீதம்
• சரியான வடிவம் உள்ளவை: 4 சதவீதம்

வடிவம் 4 சதவீதம் என்று பார்த்ததும் பலர் பதறிவிடுகிறார்கள். "96 சதவீதம் கெட்டுப்போய்விட்டது" என்று பொருள் கொள்ள வேண்டாம். மிகக் கண்டிப்பான அளவுகோலில் பார்ப்பதால் நலமான ஆண்களுக்கே இந்த எண் சிறியதாகத்தான் வரும்.

இந்த எல்லைகள் எப்படி வந்தன என்பதையும் அறிய வேண்டும். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களைப் பரிசோதித்து, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினர் எந்த அளவுக்குக் கீழே இருந்தார்கள் என்று பார்த்து வகுத்த கோடு இது. அதாவது இந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தும் தந்தையானவர்கள் அந்தக் கணக்கிலேயே இருக்கிறார்கள். ஆகவே 160 லட்சத்துக்குப் பதில் 100 லட்சம் என்று வந்தால் "மலடு" என்று பொருள் அல்ல. வாய்ப்பு குறைகிறது, காலம் கூடுகிறது, அவ்வளவுதான். எண்ணிக்கை, ஓட்டம், விந்தின் அளவு, மனைவியின் வயது ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார்.

ஒரு மி.லி.க்கு 50 லட்சத்துக்கும் கீழே போனால் ஹார்மோன் பரிசோதனைகளோடு மரபணுப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

ஏன் குறைகிறது?

விதைகள் உடலுக்கு வெளியே பையில் தொங்குவதற்குக் காரணம் சூடு. உடலின் உட்சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் அணு உற்பத்தி ஒழுங்காக நடக்கும். இதை மனத்தில் வைத்து நம் பகுதி ஆண்களின் வேலையைப் பாருங்கள்.

*சூடான வேலை:* கோவையின் வடக்கே பவுண்டரிகள், பம்ப் உதிரிபாகப் பட்டறைகள், வெல்டிங் கடைகள் நிறைய. நம் சமுதாயத்தில் பேக்கரி, பிரியாணி, பரோட்டா, டீக்கடை அடுப்பு முன்னால் ஒரு நாளில் பத்து மணி நேரம் நிற்பவர்கள் எத்தனையோ பேர். மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு லோடு ஏற்றி வரும் லாரி ஓட்டுநர்கள் என்ஜின் சூட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்தே இருக்கிறார்கள். இந்த வேலை செய்யும் எல்லோருக்கும் குறை வரும் என்பதில்லை. பிள்ளை குட்டிகளோடு இருப்பவர்கள்தான் அதிகம். ஆனால் ஏற்கெனவே எண்ணிக்கை எல்லையில் இருப்பவருக்கு இந்தச் சூடு இன்னும் கீழே இறக்கிவிடலாம். டாக்டர் கேட்காவிட்டாலும் உங்கள் வேலை என்ன, எத்தனை மணி நேரம், எந்த இடத்தில் என்று நீங்களே சொல்லுங்கள்.

*ரசாயனங்கள்:* 1977-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாத்ராப் என்ற ஊரில் ஒரு பூச்சிமருந்து ஆலை ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான், தங்களில் யாருக்கும் அண்மையில் குழந்தை பிறக்கவில்லை என்பதைக் கவனித்தார்கள். பரிசோதித்ததில் பலருக்கு அணுக்கள் மிகக் குறைவாகவும் சிலருக்கு அறவே இல்லாமலும் இருந்தன. டி.பி.சி.பி. என்ற நூற்புழு மருந்துதான் காரணம் என்று தெரியவந்தது. அதைத் தொடுவதை நிறுத்திய பிறகு ஒரு பகுதியினருக்கு அணுக்கள் திரும்பின. நெடுங்காலம் அதில் புழங்கியவர்கள் பலருக்குத் திரும்பவில்லை. அந்த மருந்து பின்னர் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. அந்த ஊழியர்கள் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்திருந்தால் காரணமே வெளியே வந்திருக்காது. இன்றும் தோட்டத்தில் மருந்து அடிப்பவர்கள், பேட்டரிக் கடையில் ஈயத்தோடு புழங்குபவர்கள், பெயிண்ட், தின்னர் வேலை செய்பவர்கள் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் வேலை செய்யக் கூடாது. அந்த உடையோடு வீட்டுக்குள் வரவும் கூடாது.

*வெரிகோசீல்:* விதைப்பையில் உள்ள ரத்தக் குழாய்கள் புடைத்து ரத்தம் தேங்குவது. பொதுவாக ஆண்களில் நூற்றுக்கு 15 பேருக்கு இது இருக்கும். குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் ஏறத்தாழ 40 பேருக்கு. பெரும்பாலும் இடப்பக்கம் வரும். வலி இல்லாததால் தெரிவதில்லை. கையால் தொட்டாலே தெரியும் அளவில் இருந்து, அணுக்களும் குறைந்திருந்தால் சிறிய அறுவை சிகிச்சையால் பலருக்கு முன்னேற்றம் கிடைக்கிறது. ஸ்கேனில் மட்டும் லேசாகத் தெரியும் வெரிகோசீலுக்கு அவசரப்பட்டு அறுவை செய்ய வேண்டியதில்லை.

*ஜிம் ஊசி:* இது நம் இளைஞர்களுக்கு. உடம்பை ஏற்ற டெஸ்டோஸ்டிரோன், ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால், "வெளியிலிருந்தே ஹார்மோன் வருகிறது" என்று மூளை நினைத்துக்கொண்டு விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். தசை ஏறும், அணு உற்பத்தி நின்றுபோகும். நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் பல மாதங்கள் பிடிக்கும். சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். குழந்தைக்கு முயலும் ஆணுக்கு "பலத்துக்கு" என்று யாராவது டெஸ்டோஸ்டிரோன் எழுதித் தந்தால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள்.

*மற்றவை:* பீடி, சிகரெட், ஹான்ஸ் போன்ற புகையிலைப் பொருட்கள், மது, கஞ்சா, உடல் பருமன், கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு, பருவ வயதுக்குப் பின் வந்த பொன்னுக்கு வீங்கி, விதைப்பையில் ஏற்பட்ட அடி அல்லது தொற்று, காசநோய், புற்றுநோய் சிகிச்சை, சில மாத்திரைகள். பிறக்கும்போதே விதை பைக்குள் இறங்காமல் இருப்பதும் ஒரு காரணம். இதை ஒன்று, ஒன்றரை வயதுக்குள் சரிசெய்துவிட வேண்டும். ஆண் குழந்தைகள் உள்ள தாய்மார்கள் சுன்னத் செய்யும் வரை காத்திராமல், குளிப்பாட்டும்போதே இரண்டு விதைகளும் பைக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் காரணம் பிடிபடாதவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கும் வழி உண்டு.

மூன்று மாதப் பொறுமை

ஓர் அணு விதையில் உருவாக 70 நாளுக்கு மேல் ஆகும். அது குழாயில் நகர்ந்து முதிர்ச்சி அடைய இன்னும் ஏறத்தாழ இரண்டு வாரம். ஆகவே இன்று நீங்கள் செய்யும் மாற்றம் மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். பத்து நாள் பழச்சாறு குடித்துவிட்டு மறுபடி லேபுக்குப் போவதில் பயனில்லை. அந்த மூன்று மாதத்தில் செய்யக்கூடியவை:

• புகையிலையை எந்த வடிவத்திலும் விட்டுவிடுங்கள்.
• உலை, அடுப்பு அருகே வேலை என்றால் முதலாளியிடமோ சூப்பர்வைசரிடமோ கேட்டு, மோல்டிங், பேக்கிங், கவுண்டர் போன்ற வேறு பிரிவுக்குத் தற்காலிகமாக மாறப் பாருங்கள். காரணத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, "டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றால் போதும். மாற முடியாவிட்டால் இடையிடையே வெளியே வந்து நிழலில் நில்லுங்கள்.
• இறுக்கமான ஜட்டி, ஜீன்ஸ் வேண்டாம். வீட்டில் கைலி இருக்கவே இருக்கிறது. வெந்நீர்த் தொட்டிக் குளியல், மடியில் லேப்டாப் இரண்டையும் தவிருங்கள்.
• எடையைக் குறையுங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். வாரத்தில் ஐந்து நாளாவது நடங்கள்.
• கம்பு, ராகி, பருப்பு, கீரை, மீன், முட்டை, பழம், கொட்டைகள் என்று சாதாரண நல்ல சாப்பாடு போதும்.
• இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உறவு கொள்ளுங்கள். "நாள்" பார்த்துப் பார்த்து உறவு ஒரு கடமை போல ஆகிவிட வேண்டாம். வழுக்குக் களிம்புகளைத் தவிருங்கள், பல களிம்புகள் அணுக்களின் ஓட்டத்தைத் தடுக்கும்.
• இதே மூன்று மாதத்தில் மனைவியின் பரிசோதனைகளும் நடக்கட்டும். ஒருவருக்குக் குறை தெரிந்துவிட்டதால் இன்னொருவருக்கு இல்லை என்று ஆகாது.

லேகியமும் "பவர்" பொடியும்

சிட்டுக்குருவி லேகியம் முதல் ஆயிரக்கணக்கில் விலை போட்ட டப்பாப் பொடி வரை, குழந்தை இல்லாதவர்களின் தவிப்பை நம்பி ஒரு வியாபாரமே நடக்கிறது. சிட்டுக்குருவி வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் பறவை என்பது ஒருபுறம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத பொடியில் ஸ்டீராய்டோ உலோகமோ கலந்திருந்தால் இருக்கிற அணுவும் போய்விடும். யுனானி, சித்த மருத்துவம் பார்க்க விரும்புவோர் பட்டம் பெற்ற, பதிவு செய்த மருத்துவரிடம் மட்டும் போங்கள். ஆங்கில மருத்துவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஆங்கில மருந்துக் கடையில் விற்கும் சத்து மாத்திரைகளையும் அளவோடுதான் நம்ப வேண்டும். 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில் 2370 தம்பதிகள் பங்கேற்றார்கள். கணவர்களில் ஒரு பாதியினருக்கு ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். அணு எண்ணிக்கையும் கூடவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. ஹார்மோன் குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தவர்களுக்கு அதற்கான மருந்து நல்ல பலன் தரும். காரணம் தெரியாமல் விழுங்கும் மாத்திரைக்கு அந்தப் பலன் இல்லை.

"நில்" என்று வந்தால்

ரிப்போர்ட்டில் அணுவே இல்லை என்று வந்தாலும் அது முடிவான தீர்ப்பு அல்ல. முதலில் இன்னொரு தடவை பரிசோதிக்க வேண்டும். உறுதியானால் இரண்டில் ஒன்று: உற்பத்தி நடக்கிறது, ஆனால் வழி அடைபட்டிருக்கிறது, அல்லது உற்பத்தியிலேயே குறை. அடைப்பு என்றால் அறுவை மூலம் வழியைத் திறக்கவோ, விதையிலிருந்து நேரடியாக அணுவை எடுக்கவோ முடியும். உற்பத்திக் குறைவிலும் சிலருக்கு விதையின் ஏதோ ஒரு மூலையில் சில அணுக்கள் இருக்கும். எஃப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை, உடல் பரிசோதனை ஆகியவை எது என்று காட்டும். இதற்குச் சிறுநீரகவியல் மருத்துவரையோ ஆண்களுக்கான ஆண்ட்ராலஜி மருத்துவரையோ பார்க்க வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து தொடங்கலாம். நேராகச் சோதனைக் குழாய் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை.

செயற்கை முறைகளும் மார்க்க வரம்பும்

குறை லேசானது என்றால் ஐ.யூ.ஐ. முறை: கணவரின் விந்தைச் சுத்தம் செய்து, ஓட்டம் உள்ள அணுக்களை மட்டும் பிரித்து மனைவியின் கருப்பையில் செலுத்துவது. குறை அதிகம் என்றால் இக்சி முறை: ஒரே ஓர் அணுவை ஒரு கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்துவது. பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகர மருத்துவர்கள் 1992-ல் இதை வெளியிட்டார்கள். அதுவரை குழந்தைக்கு வழியே இல்லை என்று அனுப்பப்பட்ட எத்தனையோ ஆண்கள் அதன் பிறகு தந்தையானார்கள். தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990-லேயே சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் பிறந்தது. இன்று கோவையிலேயே இந்த வசதிகள் இருக்கின்றன. ஆனால் ஒரே முறையில் பலிக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. "100 சதவீத கேரண்டி" என்று விளம்பரம் செய்யும் இடத்தை விட்டு விலகி நில்லுங்கள்.

மார்க்கத்தில் இது கூடுமா? 1980-ல் எகிப்தின் ஷேக் ஜாதுல் ஹக் விரிவான ஃபத்வா வழங்கினார். 1986 அக்டோபரில் ஜோர்டானின் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, செயற்கைக் கருவூட்டலின் ஏழு முறைகளை ஆராய்ந்து ஐந்தைத் தடுத்தது, இரண்டைத் தேவையின்போது அனுமதித்தது. அனுமதிக்கப்பட்ட இரண்டும் ஒரே அடிப்படையில் அமைந்தவை: கணவரின் அணு, அவருடைய மனைவியின் கருமுட்டை, அதே மனைவியின் கருப்பை, திருமண உறவு நிலைத்திருக்கும் காலம். பிறர் அணுவோ பிறர் கருமுட்டையோ வாடகைத் தாயோ இதில் நுழையக் கூடாது. வம்சாவளி கலந்துவிடக் கூடாது என்பதே காரணம்.

ஆகவே மையத்துக்குப் போகும் நம் குடும்பங்கள் இவற்றைக் கவனிக்க வேண்டும்:

• இந்தியாவில் இதற்கென்று 2021-ல் சட்டம் வந்து, 2022 ஜனவரி 25 முதல் நடப்பில் இருக்கிறது. மையம் பதிவு பெற்றதா என்று கேளுங்கள், சான்றிதழைப் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை. 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பலமுறை விற்கப்பட்ட கொடுமை வெளியே வந்ததை நாம் மறக்கவில்லை.
• சட்டப்படி மனைவிக்கு 21 முதல் 50 வயது, கணவருக்கு 21 முதல் 55 வயது வரைதான் இந்தச் சிகிச்சை.
• கையெழுத்துப் போடும் படிவத்தை முழுதாகப் படியுங்கள். பிறர் அணுவையோ கருமுட்டையையோ பயன்படுத்த ஒப்புதல் தரும் வரி இருந்தால், "எங்களுக்கு வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிளின் பெயரும் எண்ணும் ஒவ்வொரு கட்டத்திலும் எப்படிச் சரிபார்க்கப்படுகின்றன என்று கேளுங்கள்.
• மொத்தச் செலவை எழுத்தில் கேளுங்கள். மருந்து, ஊசி, உறைநிலைச் சேமிப்பு ஆகியவற்றைத் தனியாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம். இரண்டாவது முறை தேவைப்பட்டால் என்ன செய்வோம் என்பதை முதல் முறைக்கு முன்பே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

கணவரின் ரிப்போர்ட்டை மறைத்து, பழியை மனைவியின் தலையில் போடுவது அநியாயம். விந்துப் பரிசோதனை செய்யாமலே "இவளுக்குக் குழந்தை இல்லை, இன்னொரு பெண் பார்க்கலாம்" என்று பேசும் பெரியவர்கள், மறுமையில் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். காரணம் ஆணிடம் இருந்தால் இரண்டாவது திருமணத்தால் என்ன மாறப்போகிறது? இன்னொரு பெண்ணின் வாழ்க்கையும் அதே கேள்விக்குள் வந்து நிற்கும்.

அதேபோல, கணவருக்குக் குறை என்று தெரிந்த வீட்டில் அவரைக் குத்திப் பேசுவதும் கூடாது. ரிப்போர்ட் இருவருக்கும் இடையிலான அமானிதம். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் எவ்வளவு சொல்வது என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே முடிவு செய்யட்டும். வலிமா விருந்திலும் அகீகா வீட்டிலும் "எப்போ நல்ல சேதி?" என்று கேட்பதை நாம் அனைவரும் நிறுத்தினாலே அவர்களின் பாரத்தில் பாதி இறங்கிவிடும்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் குழந்தை இல்லை என்றாகும் தம்பதிகளும் உண்டு. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை, இரண்டும், அல்லது பிள்ளையின்மை எல்லாமே அல்லாஹ்வின் நாட்டத்தில் உள்ளவை என்று குர்ஆனின் 42-வது அத்தியாயம் 49, 50-வது வசனங்கள் நமக்கு உணர்த்துகின்றன. அப்படிப்பட்ட தம்பதிகள் அனாதைக் குழந்தையை வளர்ப்பது பெரும் நன்மை. வளர்ப்புப் பிள்ளையைச் சொந்தத் தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது மார்க்கத்தின் கட்டளை. 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் வழியாகக் காப்பாளர் பொறுப்பு பெற வழி இருக்கிறது.

மருத்துவம் செய்துகொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. முதுமையில் பிள்ளை கேட்டு இறைஞ்சிய ஜக்கரிய்யா (அலை) அவர்களின் வரலாற்றைத் தந்ததும் அதே மார்க்கம்தான். இன்று ஒரு டப்பாவை வாங்கி, ஒரு பரிசோதனையைச் செய்துகொள்வது கணவரின் வேலை. அவரோடு பொறுமையாக நிற்பது மனைவியின் வேலை. வாயை அடக்கித் துஆ செய்வது நம் வேலை. குழந்தை வேண்டி ஏங்கும் ஒவ்வொரு தம்பதிக்கும் வல்ல அல்லாஹ் கண்குளிர்ச்சியான சந்ததியை வழங்குவானாக. ஆமீன்.